தும்பையும் மூக்குத்திப் பூவும்: விதைக்காக எவ்வளவு செலவிடுகின்றன என்பதை அளப்பது எப்படி?

ஓரக்களை:

எல்லோருக்கும் வணக்கம். முதுநிலைத் தாவரவியல் செயல்திட்டத்துக்காகக் கேட்கிறேன். ஒரே தரிசில் அருகருகே வளரும் இரண்டு காட்டுச் செடிகளை எடுத்திருக்கிறேன். ஒன்று தும்பை, லியூகாஸ் ஆஸ்பெரா. மழைக்கு முளைத்து, பூத்து, விதைத்துக் காய்ந்துபோகும் ஒருபருவச் செடி. மற்றது வெட்டுக்காயப் பூண்டு என்றும் கிணற்றுப் பாசான் என்றும் சொல்லப்படும் மூக்குத்திப் பூ, டிரைடாக்ஸ் புரோகம்பென்ஸ். தரையில் படர்ந்து, கணுவில் வேர்விட்டு, வருடம் முழுக்கப் பூத்துக்கொண்டிருப்பது. தயாரிக்கிற உணவில் எத்தனை பங்கை இனப்பெருக்கத்துக்கு ஒதுக்குகின்றன என்று இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

நினைத்திருக்கும் முறை இதுதான்: இனத்துக்கு 20 செடிகளை வேரோடு பிடுங்கி, வேர், தண்டு, இலை, பூ–காய் எனப் பிரித்து உலர்த்தி எடை போடுவது. பூ–காய் எடையை மொத்த எடையால் வகுத்தால் சதவீதம் வந்துவிடும்.

முன்னோட்டமாக ஆறு தும்பைச் செடிகளில் செய்து பார்த்ததில் மூன்று இடங்களில் சிக்கல். பூவின் அடியில் உறைபோல இருக்கும் புல்லிவட்டத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது? சிறிய செடியில் சதவீதம் மிகக் குறைவாகவும் பெரிய செடியில் அதிகமாகவும் வருகிறது, இது பிழையா, இயல்பா? எடையை ஆற்றல் என்று எழுதலாமா? எங்கள் துறையில் உலர் ஓவனும் இல்லை.

வேர்முடிச்சு:

நல்ல ஜோடியைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். முதல் கேள்விதான் உங்கள் முடிவையே தீர்மானிக்கும் என்பதால் அதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன்.

கணக்குக்காக ஒரு தும்பைச் செடியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வேர் 0.30 கிராம், தண்டு 1.10, இலை 0.60, புல்லிவட்டமும் பூவடிச் செதில்களும் சேர்ந்து 0.70, விதை 0.50. மொத்தம் 3.20 கிராம். விதையை மட்டும் எடுத்தால் ஒதுக்கீடு 15.6 சதவீதம். புல்லியையும் செதிலையும் சேர்த்தால் 37.5. வேரைத் தோண்டாமல் தரைக்கு மேலிருப்பதை மட்டும் கணக்கிட்டால் 41.4. அறுவடைக்கு முன்பே 0.40 கிராம் இலை உதிர்ந்திருந்து, அதையும் பொறுக்கிச் சேர்த்தால் 33.3. செடி ஒன்றுதான், அது செய்த செலவும் ஒன்றுதான். நாம் வகுக்கும் முறைதான் மாறுகிறது. இன்னொருவரின் கட்டுரையில் இருக்கும் சதவீதத்தை எடுத்து உங்கள் எண்ணோடு பக்கத்தில் வைக்கும் முன், அவர் எதைச் சேர்த்தார், எதை விட்டார் என்று பார்த்தே ஆக வேண்டும்.

என் பரிந்துரை: பூக்காத செடியில் இருக்கவே இருக்காத உறுப்பு எல்லாமே இனப்பெருக்கக் கணக்கு. தும்பையில் புல்லி, அல்லி (வெள்ளை இதழ்ப் பகுதி), பூவட்டத்தின், அதாவது கணுவைச் சுற்றி வட்டமாக நிற்கும் பூக்கொத்தின் செதில்கள், விதை. மூக்குத்திப் பூவில், பல சிறு பூக்கள் சேர்ந்து ஒரே பூப்போலத் தெரியும் தலைமஞ்சரியோடு அதைத் தூக்கிப் பிடிக்கும் நீண்ட காம்பும் சேரும். பூவைப் பூச்சிக்கும் விதையைக் காற்றுக்கும் எட்டும் உயரத்துக்குக் கொண்டுபோவதற்காகவே அந்தக் காம்பு எழுகிறது. அதைத் தண்டுக் கணக்கில் போட்டால் மூக்குத்திப் பூ உண்மையில் இருப்பதைவிடக் கஞ்சமாகத் தெரியும். எப்படிப் பிரித்தாலும் ஐந்து எடைகளையும் அட்டவணையில் தனித்தனியாகக் கொடுத்துவிடுங்கள். படிப்பவர் தன் விருப்பப்படி கூட்டிக்கொள்ளட்டும்.

தும்பையில் உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. அல்லி உதிர்ந்துவிடும், புல்லி நிற்கும். ஒரு புல்லிக்கு ஒரு பூ. ஒரு பூவுக்கு அதிகபட்சம் நான்கு விதை. துளசிக் குடும்பம் முழுக்க அந்தக் கணக்குத்தான். ஆகவே காய்ந்த செடியிலும் புல்லிகளை எண்ணினால் மொத்தம் எத்தனை பூ பூத்தது என்று தெரிந்துவிடும். 250 புல்லி என்றால் 1,000 விதைக்கு இடம் இருந்தது. புதிதாகப் பூத்த 50 அல்லிகளைச் சேகரித்து உலர்த்தி, ஒன்றின் சராசரி எடையை எடுத்து, புல்லிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் உதிர்ந்துபோன அல்லிக்கான செலவும் கைக்கு வரும். தேனும் மகரந்தமும் இதில் அடங்காது. அதைக் கட்டுரையில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

விதைதான் கைநழுவும். புல்லியின் வாய் திறந்தே இருப்பதால் முற்றிய விதை காற்றில் செடி ஆடும்போதே கொட்டிவிடும். கீழ்வட்டம் பழுத்து நிற்கும்போது மேல்வட்டம் இன்னும் பூத்துக்கொண்டிருக்கும், அதனால் எந்த ஒரு நாளும் சரியான அறுவடை நாளாக அமையாது. முதல் பூ தெரிந்ததும் செடிகளுக்கு நூல் கட்டி அடையாளம் வையுங்கள். ஒரு வட்டத்தில் கடைசி அல்லி உதிர்ந்தபின் அந்த வட்டத்துக்கு மட்டும் மெல்லிய மல்துணியில் சிறு பை கட்டுங்கள். முன்கூட்டியே கட்டினால் பூச்சி வராது, விதைப்பிடிப்பு கெடும். முழுச் செடியையும் மூடினால் இலைக்கு வெளிச்சம் குறையும், ஒதுக்கீடே மாறிவிடும்.

இன்னொன்று, கோயிலுக்கு அருகிலுள்ள தரிசைத் தவிர்த்துவிடுங்கள். பூசைக்குத் தும்பையைக் கிள்ளுபவர்கள் உங்கள் செடியிலும் கிள்ளுவார்கள். அல்லியை மட்டும் உருவினால் பூவின் எண்ணிக்கை தப்பாது, விதை எண்ணிக்கை மட்டும் பாதிக்கப்படும். பூவட்டத்தையே கிள்ளியிருந்தால் அந்தச் செடியைக் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டியதுதான்.

மூக்குத்திப் பூவுக்கு ஒரே நாள் அறுவடை ஒத்தே வராது. ஒரே செடியில் மொட்டு, பூ, பஞ்சாய் விரிந்த தலை, விதை பறந்துபோன மொட்டைக் காம்பு எல்லாம் ஒன்றாக நிற்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை போய், பஞ்சு விரியத் தொடங்கிய தலைகளைக் காம்போடு வெட்டி எடுத்து, எட்டு வாரமாவது தொடருங்கள். வாரக்கணக்கில் கூட்டினால்தான் செலவின் வேகம் தெரியும். எது ஒரு செடி என்பதையும் முதல் நாளே முடிவு செய்யுங்கள். கணுவில் வேர்விட்ட கிளை தாயோடு ஒட்டியிருக்கும்வரை அது ஒரே செடி. தோண்டும்போது கிளை அறுந்தால் இரண்டு சிறு செடிகளாகப் பதிவாகி, கணக்கு இரண்டு பக்கமும் தவறும்.

உலர்எடை:

ஓவன் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வழக்கமான அளவு 70 டிகிரி செல்சியஸ், 48 மணி நேரம். அதற்குப் பிறகு ஆறு மணி நேரம் விட்டு மீண்டும் எடை போட்டு, வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் காய்ந்துவிட்டது. தும்பைத் தண்டு நான்கு பட்டையாகக் கெட்டியாக இருக்கும், அதற்கு 72 மணி நேரம்கூட ஆகும். நீளவாக்கில் பிளந்து வைத்தால் சீக்கிரம் காயும். மைக்ரோவேவ் வேண்டாம், ஓரம் கருகும், நடு ஈரமாக இருக்கும்.

ஓவன் இல்லாவிட்டால் வேதியியல் துறையிலோ அருகிலுள்ள மண் பரிசோதனைக் கூடத்திலோ இரண்டு நாள் இடம் கேளுங்கள். அதுவரை செடியைப் பிளாஸ்டிக் கவரில் வைக்கக் கூடாது. பிடுங்கிய செடியும் சுவாசித்துக்கொண்டேதான் இருக்கும், சேர்த்துவைத்த சர்க்கரையை எரித்துக்கொண்டே இருக்கும். ஈரத்தோடு ஓர் இரவு மூடி வைத்தால் எடையும் போகும், பூஞ்சையும் வரும். அன்றே பிரித்து, காகிதக் கவரில் போட்டு, பென்சிலால் எண் எழுதி, வெயில் படும் காற்றோட்டமான இடத்தில் பரப்புங்கள். பேனா மை ஈரத்தில் கரையும்.

இடமே கிடைக்கவில்லை என்றால், எல்லாவற்றையும் வெயிலில் நன்றாகக் காயவைத்து அதே நாளில் எடை போடுங்கள். ஒவ்வொரு உறுப்பிலும் ஐந்து மாதிரியை மட்டும் எங்காவது ஓவனில் காய வைத்து, வெயிலில் காய்ந்ததில் இன்னும் எவ்வளவு நீர் இருந்தது என்று பார்த்து மற்றவற்றுக்கும் அதே விகிதத்தில் கழியுங்கள். இலைக்கும் விதைக்கும் ஒரே விகிதத்தைப் பயன்படுத்தாதீர்கள்.

ஓவனிலிருந்து எடுத்ததும் சிலிகா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் ஆறவிட்டுத்தான் தராசில் வைக்க வேண்டும். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் திறந்து வைத்த காய்ந்த இலை சில நிமிடங்களிலேயே ஈரம் இழுத்து எடை ஏறிவிடும். சூடாகவே வைத்தால் மேலெழும் காற்று தட்டைத் தூக்கி எடையைக் குறைத்துக் காட்டும். நகைக்கடையில் பயன்படுத்தும் 0.01 கிராம் தராசு தண்டுக்கும் இலைக்கும் போதும். விதைக்குப் போதாது, 100 விதையாக எண்ணி ஒன்றாக நிறுங்கள். முளைப்புச் சோதனைக்கு வேண்டிய விதையை ஓவனுக்கு அனுப்புவதற்கு முன்பே எடுத்து வைத்துவிடுங்கள்.

வேர்: முந்தைய மாலை நிலத்தில் தண்ணீர் விட்டு, செடியைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மண்கட்டியோடு தோண்டி, வாளித் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவிட்டுச் சல்லடையில் அலசுங்கள். வேரில் ஒட்டிய மணல் வேரைவிடக் கனமாக இருக்கும். நுண்வேர் கொஞ்சம் போகத்தான் செய்யும். இரண்டு இனத்துக்கும் அதே ஆழம், அதே சல்லடை என்றால் ஒப்பீட்டுக்குத் தாங்கும்.

மலைச்சரிவு:

சிறிய செடியில் சதவீதம் குறைவது பிழை இல்லை. உங்கள் தரவில் மிகச் சுவையான பகுதியே அதுதான்.

பூக்கத் தொடங்கவே ஒரு செடிக்குக் குறைந்தபட்ச உடல் வேண்டும். அந்த அளவைத் தாண்டிய பிறகுதான் கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு கிராமிலும் ஒரு பங்கு பூவுக்குப் போகிறது. அதனால் சதவீதம் செடியின் அளவோடு சேர்ந்தே ஏறும். தாவரச் சூழலியலாளர் ஜேக்கப் வைனர் 1988-இலிருந்து வலியுறுத்துவது இதைத்தான்: விகிதத்தை மட்டும் பார்க்காதே, இனப்பெருக்க எடையை உடல் எடைக்கு எதிராக வரைந்து பார். வறண்ட நிலத்துத் தும்பை 10 சதவீதம், நனைந்த நிலத்துத் தும்பை 30 சதவீதம் என்றால், வறட்சியில் செடி தன் உத்தியை மாற்றிக்கொண்டது என்று எழுதத் தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. செடி சிறுத்தது, அவ்வளவே. அதே கோட்டில் கீழே நிற்கிறது. கோடே இடம் மாறினால்தான் உத்தி மாறியதாக அர்த்தம்.

எக்ஸெலிலேயே செய்யலாம். கிடை அச்சில் வேர், தண்டு, இலை கூட்டு எடை. நேர் அச்சில் பூ–காய் எடை. மொத்த எடையைக் கிடை அச்சில் போடாதீர்கள், அதற்குள் பூவும் இருப்பதால் இல்லாத தொடர்பு தோன்றும். கோடு கிடை அச்சை வெட்டும் இடம் பூக்கத் தேவையான குறைந்தபட்ச அளவு. சாய்வு, அதற்கு மேல் ஒவ்வொரு கிராமுக்கும் ஆகும் செலவு. புள்ளிகள் வளைந்தால் இரண்டு அச்சையும் லாக் அளவில் போடுங்கள். அப்போது பூக்காத செடிகள், அதாவது பூச்சிய மதிப்புகள், வெளியே போய்விடும்; எத்தனை என்று குறிப்பிடுங்கள். 20 செடி போதாது, இனத்துக்கு 40 வேண்டும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதையே கை பிடுங்கும் என்பதால், ஒற்றை வட்டம் பூத்த குட்டிச் செடியிலிருந்து புதராய் நிற்பதுவரை அளவு வகுப்பு பிரித்து, வகுப்புக்கு இத்தனை என்று எடுங்கள்.

எடையை ஆற்றல் என்று எழுதலாமா என்றால், திருத்தி எழுதலாம். ஒரு கிராம் குளுக்கோஸிலிருந்து செடியால் சுமார் 0.83 கிராம் மாவுப்பொருளோ நார்ப்பொருளோ செய்ய முடியும். நைட்ரேட்டிலிருந்து புரதம் செய்தால் 0.40 கிராம்தான். எண்ணெய் என்றால் 0.33 கிராம்தான். ஆகவே 30 சதவீதம் எண்ணெய், 20 சதவீதம் புரதம், மீதி மாவு என்று ஒரு விதை இருந்தால், அதன் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 2 கிராம் குளுக்கோஸ் செலவு. அதே ஒரு கிராம் தண்டுக்குச் சுமார் 1.2 கிராம்தான். உலர் எடை விதையின் விலையைக் குறைத்தே காட்டுகிறது. விதையின் எண்ணெய் அளவை உங்கள் கல்லூரியில் எடுக்க முடிந்தால் இந்தத் திருத்தத்தைப் போடுங்கள், இல்லையென்றால் "உலர் எடை ஒதுக்கீடு" என்றே தலைப்பு வையுங்கள். எதிர்ப்பக்கம் ஒன்றும் உண்டு: பச்சைப் புல்லி தானே கொஞ்சம் உணவு தயாரிக்கிறது, அதன் செலவில் ஒரு பகுதியை அதுவே ஈடுகட்டுகிறது.

ஒருபருவச் செடி ஏன் அள்ளி இறைக்கிறது என்பதற்கு ஒரு சிறு கணக்கு. சூழலியலாளர் லாமாண்ட் கோல் 1954-இல் ஒரு புதிர் போட்டார்: சாகாத பல்லாண்டுச் செடிக்குச் சமமாகப் பெருக, ஒருபருவச் செடி ஒரே ஒரு விதை கூடுதலாகப் போட்டால் போதும், பிறகு ஏன் பல்லாண்டுச் செடிகள் இருக்கின்றன? 1973-இல் சார்னோவும் ஷாஃபரும் விடுபட்டதைச் சேர்த்தார்கள்: விதை பிழைக்கும் வாய்ப்பும் வளர்ந்த செடி பிழைக்கும் வாய்ப்பும் ஒன்றல்ல. வளர்ந்த செடி அடுத்த ஆண்டுக்குத் தப்பும் வாய்ப்பு 0.5, விதை செடியாகும் வாய்ப்பு 0.01 என்றால், தேவைப்படும் கூடுதல் விதை 0.5 வகுத்தல் 0.01, அதாவது 50. உழவோ கொத்தலோ வருடாவருடம் நடக்கும் இடத்தில் வளர்ந்த செடியின் வாய்ப்பு பூச்சியத்தை நெருங்கும், அங்கே தும்பையின் வழி செல்லும். மண் கிளறப்படாத வரப்போரத்தில் மூக்குத்திப் பூ தங்குகிறது. உங்கள் தரிசு எப்போது உழப்பட்டது என்ற தகவலைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள்.

இந்த வழியின் கோடியில் நிற்பது நீலக்குறிஞ்சி. 12 ஆண்டு சேர்த்து, ஒரே பருவத்தில் மொத்தத்தையும் பூவிலும் விதையிலும் போட்டுவிட்டு மடிகிறது. 2006, 2018, அடுத்து 2030. அந்த ஒரு பருவத்தை மட்டும் அளந்தால் ஒதுக்கீடு வானத்தைத் தொடும். 12 ஆண்டுக்கும் பகிர்ந்தால் எண் வேறு. தும்பையை அதோடு ஒப்பிட்டு எழுதுங்கள், ஆனால் மாதிரிக்குக் குறிஞ்சியைப் பிடுங்க நினைக்காதீர்கள், அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட செடி. சட்டம் இல்லாவிட்டாலும், 12 ஆண்டுச் சேமிப்பை விதைக்கு முன்னால் பிடுங்குவது தகாது.

ஓரக்களை:

மிக்க நன்றி. வகுப்பு பிரித்து 40 செடி எடுக்கிறேன், காம்பைப் பூக் கணக்கில் சேர்க்கிறேன்.

ஒரு சந்தேகம் மீதி. பூவுக்குக் கொடுத்தது இத்தனை கிராம் என்று தெரிந்தாலும், அதனால் செடி எதை இழந்தது என்று இந்த முறையில் தெரியாது அல்லவா? நன்றாகப் பூத்த செடி எல்லாமே நன்றாக வளர்ந்த செடியாகவும் இருக்கிறது. இழப்பே இல்லாததுபோலத் தெரிகிறது.

காந்தள்வேலி:

சரியாகப் பிடித்தீர்கள். வளமான இடத்தில் நிற்கும் செடிக்கு எல்லாமே கூடும், அதனால் களத்தில் இழப்பு மறைந்துவிடும். இழப்பைப் பார்க்க வேண்டுமானால் நாமே மொட்டை நீக்கி, அந்த உணவு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். அதற்குச் சேமிப்பைத் தனியாக எடுத்து நிறுக்கக்கூடிய செடி நல்லது. கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள், இதற்கு அருமையானது. ஒவ்வொரு பருவமும் பழைய கிழங்கு வற்றிப் புதுக்கிழங்கு உருவாகும். மேலே கொடி காய்ந்துவிடும். ஆக, அந்த ஆண்டு வரவில் விதைக்குப் போனது ஒரு பக்கம், அடுத்த ஆண்டுக்கு எடுத்துவைத்தது மறுபக்கம், இரண்டையும் தராசில் வைக்கலாம்.

காட்டில் தோண்ட வேண்டாம். திண்டுக்கல், கரூர், திருப்பூர் பக்கம் விதைக்காகப் பயிரிடுகிறார்கள், கிழங்கு விலைக்குக் கிடைக்கும். 50 முதல் 60 கிராம் எடையுள்ள கிழங்குகளாக 36 வாங்குங்கள். கவட்டை போன்ற கிழங்கின் ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைதான் இருக்கும், அது ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது. வாங்கும்போதே நுனியைப் பாருங்கள். எடை வரிசைப்படி அடுக்கி, மூன்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு மூன்றிலும் ஒன்றைச் சீட்டுப் போட்டு ஒவ்வொரு பிரிவுக்கு அனுப்புங்கள். அப்போது மூன்று பிரிவிலும் தொடக்கச் சேமிப்பு சமமாக இருக்கும்.

முதல் பிரிவில் மொட்டு அரிசி அளவாக இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள். இரண்டாவதில் பூக்கவிட்டு, மகரந்தம் சேராமல் வலை போட்டுவிடுங்கள். மூன்றாவதில் எல்லாப் பூவுக்கும் கையால் மகரந்தம் தடவுங்கள். சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி நிற்பதால் தானாகச் சேருவது குறைவு, வயலிலும் காலை 8 மணியிலிருந்து 11 மணிக்குள் கையால்தான் தடவுகிறார்கள். கொடி முழுதும் காய்ந்தபின் கிழங்கைத் தோண்டி, கழுவி, நிறுங்கள். முதல் பிரிவுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வித்தியாசம் பூவின் விலை. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசம் காயின் விலை.

தவறு எங்கே வரும் என்றால், மொட்டைத் தாமதமாகக் கிள்ளினால் செலவில் பாதி நடந்து முடிந்திருக்கும். கிள்ளியதால் கொடி புதிதாகக் கிளைவிட்டால் அந்த இலை கூடுதல் உணவைத் தரும், கிழங்கு பெருத்து, பூவின் விலை உண்மையைவிட அதிகமாகத் தெரியும். இலைகளை எண்ணி வைத்தால் இதைக் கண்டுபிடிக்கலாம். தொட்டி சிறிதானால் கிழங்குக்கு இடமில்லாமல் மூன்று பிரிவும் ஒரே எடையில் நின்றுவிடும், 12 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கொடிக்குப் பற்ற ஒரே உயரக் குச்சி கொடுங்கள். முதல் ஆண்டு வித்தியாசம் தெரியாவிட்டால் கைவிடாதீர்கள், அதே கிழங்குகளை மறுபடி நட்டு அடுத்த ஆண்டுப் பூக்களை எண்ணுங்கள்; சில சமயம் கடன் ஓராண்டு தள்ளித்தான் வசூலாகும்.

ஒரு எச்சரிக்கை. கிழங்கும் விதையும் கொல்சிசின் உள்ள கடும் நஞ்சு. கையுறை இல்லாமல் வெட்டக் கூடாது. கிழங்கு உலர்த்தும் தட்டில் பிறகு எதையும் சமைக்கக் கூடாது. குழந்தைகள் வரும் இடத்தில் தொட்டியை வைக்கவே கூடாது.

வேர்முடிச்சு:

காந்தள்வேலி சொன்னதில் "எல்லாப் பூவுக்கும்" என்ற சொல்லைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். ஒரு கொடியில் இரண்டு மூன்று பூவுக்கு மட்டும் தடவிவிட்டு மற்றதை விட்டால், செடி அந்தக் காய்களுக்கே உணவைத் திருப்பி, மற்றவற்றை உதிர்க்கும். பக்கத்துக் காயின் பங்கைப் பிடுங்கித் தின்ற காயைப் பார்த்து, மகரந்தம் கிடைத்தால் விதை இவ்வளவு கூடும் என்று எழுதிவிடுவோம். ஒப்பீடு எப்போதும் செடிக்குச் செடி, பூவுக்குப் பூ அல்ல.

பருவத்துக்குள் முடிக்க வேண்டுமென்றால் அதே சோதனையை மூக்குத்திப் பூவிலும் செய்யலாம். ஒரே தாயிலிருந்து மூன்று கணுவுள்ள துண்டுகளாக 30 வெட்டித் தொட்டியில் வேர்விட வையுங்கள். எல்லாம் ஒரே மரபு என்பதால் ஏற்றத்தாழ்வு குறையும். பாதியில் தலைமொட்டைக் காம்பு நீளும் முன் கிள்ளுங்கள், பாதியை விடுங்கள். எட்டு வாரம் கழித்துக் கணுக்களையும் வேர்விட்ட கணுக்களையும் எண்ணி, உலர் எடை எடுங்கள். கிள்ளிய தொட்டியை இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், ஒரு வாரம் விட்டால் காம்புகள் எழுந்துவிடும். கிள்ளி எடுத்த மொட்டுகளையும் கவரில் சேர்த்து உலர்த்தி நிறுத்து, அந்தச் செடியின் செலவில் எழுதிக்கொள்ளுங்கள்.